புனித வின்சென்ட் தே பவுல் கிளைச்சபை: செயலரின் ஆண்டறிக்கை, 2024–25

இயேசுவுக்கே புகழ். பங்குத்தந்தை அவர்களுக்கும் தலைவர் அவர்களுக்கும் அன்பியங்கள் என்னும் பங்கின் குடும்பக் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கும் பங்கு மக்கள் அனைவருக்கும் வணக்கம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பரையும் வாழையையும் வேரோடு சாய்த்தது. நிவாரணப் பொட்டலங்கள் சில வாரம் வந்தன, பிறகு நின்றன. விழுந்த மரத்துக்குப் பதிலாக நட்ட ரப்பர் கன்று பால்வெட்டுக்கு வர ஏறக்குறைய 7 ஆண்டு ஆகும். 2018 மழையில் நட்டவை இப்போதுதான் கத்தி வைக்கும் பருவத்துக்கு வந்திருக்கின்றன. அத்தனை ஆண்டும் பிறர் தோட்டத்தில் வெட்டிப் பிழைக்கும் வீடுகளில் கை நெருக்கடி தீரவில்லை. உதவி வாரக்கணக்கில், துன்பம் ஆண்டுக்கணக்கில். அதனால்தான் நம் கிளைச்சபை பொட்டலம் வழங்குவதை இரண்டாம் இடத்தில் வைத்து, வீட்டுச் சந்திப்பை முதல் பணியாகக் கொண்டிருக்கிறது. கொடுக்க ஒன்றும் இல்லாத வாரத்திலும் போக வேண்டும் என்பதே நம் விதி.

இது நாம் புதிதாகக் கண்டது அல்ல. 1833இல் பாரிஸில் பிரடெரிக் ஓசானாமும் நண்பர்களும் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 20. முஃப்தார் பகுதியின் ஏழை வீடுகளுக்கு அந்த மாணவர்களை வழிகாட்டி அனுப்பியவர் அருள்சகோதரி ரோசலி ரெண்டு. ஏழையை அவர் வீட்டுக்கே தேடிப் போவது அன்று தொடங்கிய பழக்கம்.

சந்திப்புக்கு எப்போதும் இருவர் போகிறோம். பெண்கள் மட்டும் உள்ள வீடு என்றால் இருவரில் ஒருவர் கட்டாயம் பெண். ஓர் இணைக்கு 4 வீடுகளுக்கு மேல் கொடுப்பதில்லை. அதற்கு மேல் போனால் வாசலில் நின்று விசாரித்துத் திரும்பும் வேலையாகிவிடும். இரு வாரத்துக்கு ஒருமுறை, அதே கிழமை, அதே ஆட்கள். ஆள் மாறவேண்டி வந்தால் பழையவரும் புதியவரும் மூன்று முறை சேர்ந்து போகவேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டு அம்மா தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். அது அவருக்குப் பெரிய அவமானம்.

நேரமும் முக்கியம். பால்வெட்டுக்காரர் விடியுமுன் இறங்கி, பால் எடுத்து, அதை ரப்பர் ஷீட்டாக அடித்து முடிக்க நண்பகல் ஆகும், பிறகு கண்ணயர்வார். அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்கு, போகும் பெண்கள் திரும்ப மாலையாகும். எனவே ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை என்று வைத்திருக்கிறோம். குழு லோன் தவணை கட்டும் நாளில் ஒருபோதும் போகக்கூடாது. அன்று பணத்துக்கு அலையும் வீட்டில் நம்மைக் கண்டால் கேட்கவும் கூச்சம், கேட்காமல் இருக்கவும் கஷ்டம்.

பொருளுதவியைப் பற்றி. மிக ஏழை வீடுகளுக்கான அந்தியோதயா ரேஷன் அட்டைக்கு மாதம் 35 கிலோ அரிசி கிடைக்கிறது. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்த வீட்டுக்கு நாமும் 10 கிலோ அரிசி சுமந்தால் அது கோழிக்குப் போகும், அல்லது பாதி விலைக்குக் கடைக்குப் போகும். ஆகவே நம் பையில் இப்போது சிறுபயறு 2 கிலோ, தேங்காய் எண்ணெய் 1 லிட்டர், முட்டை 30, தேயிலை கால் கிலோ, குளியல் சோப்பும் துணி சோப்பும். பை போகும் மாதங்களையும் மாற்றியிருக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் கொடுக்கிறார்கள். ஜூனில் பள்ளி திறப்பும் மழையும் சேர்ந்து வரும், மழைக்கு மறைப்பு கட்டாத மரத்தில் வெட்டு நடக்காது. அக்டோபர், நவம்பரில் மறுபடி மழை. பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்ந்து வெட்டு ஓய்வு. வீடுகள் வாடுவது அப்போதுதான். கோயில் முற்றத்தில் மைக்கில் பெயர் வாசித்து வரிசையில் நிறுத்திக் கொடுப்பதும், படம் எடுப்பதும் நம்மிடம் அறவே கிடையாது. பை வீட்டுக்குப் போகும், இருட்டிய பிறகு.

இவ்வாண்டு அதிக உழைப்பை வாங்கியது காகித வேலைதான். நம் கையிலிருந்து ஒருமுறை 500 ரூபாய் கொடுப்பதைவிட, மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை ஒருவருக்குத் தடையின்றி வருவது பெரிது. இ-சேவை மையத்தில் விண்ணப்பம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் பரிந்துரை, பிறகு தனி வட்டாட்சியர் ஆணை. இதில் விண்ணப்பம் முடங்கும் முதல் இடம் பெயர். திருமுழுக்கில் மரிய செல்லம், ரேஷன் அட்டையில் செல்லம்மாள், ஆதாரில் எம். செல்லம் என்றிருந்தால் மூன்றும் மூன்று பேர். எனவே விண்ணப்பத்துக்கு முன் ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். திருத்தத்தை ஆதாரில் தொடங்க வேண்டும். அடுத்தது விரல்ரேகை. முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலைப் பொள்ள வைக்கும். ஆண்டுக்கணக்கில் அண்டி தல்லிய (முந்திரிக் கொட்டை உடைத்த) கையில் ரேகை தேய்ந்து, ரேஷன் கடைக் கருவி ஏற்காது. கருவிழிப் பதிவு கேட்டு வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாமல், கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். சந்திப்பு இணையில் ஒருவர் கூடவே நின்றால் போதும், காரியம் நடக்கிறது.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் அப்படித்தான். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று வேண்டும். நோயாளியை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்த பிறகு சான்றுக்கு ஓடுவது பெரும் பாடு. உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வைக்கச் சொல்லி வீடுவீடாக வற்புறுத்துகிறோம்.

காசநோய் வீடுகளைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். சாதாரணக் காசநோய்க்கு மருந்து 6 மாதம். இரண்டாம் மாதத்தில் இருமல் குறைந்து பசி வந்ததும் பலர் மருந்தை நிறுத்துவார்கள். நோய் திரும்பும்போது பழைய மருந்துக்கு அடங்காமல் போகலாம். மீதமுள்ள அந்த நான்கு மாதம்தான் நம் இணை வாராவாரம் போகவேண்டிய காலம். 2024 நவம்பர் முதல் காசநோயாளிகளுக்கு அரசு தரும் ஊட்டத்தொகை மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அது வங்கிக் கணக்கில் ஏறுகிறதா என்று பார்ப்பதும் நம் பொறுப்பு.

பணமாகக் கேட்டால் என்ன செய்வது என்று புதிய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். உறுப்பினர் தன் சட்டைப்பையிலிருந்து கொடுக்கக் கூடாது, கடனும் கொடுக்கக் கூடாது. கடன்பட்டவர் நம்மைக் கண்டால் பின்வாசல் வழியாகப் போய்விடுவார். ஆயிரம் ரூபாயோடு ஒரு வீட்டின் நட்பும் போய்விடும். கூட்டத்தில் வைத்து, தேவையென்றால் திருப்பிக் கேட்காத உதவியாகவே கொடுக்கிறோம். தர முடியாததை அடுத்த சந்திப்பிலேயே நேராகச் சொல்லிவிட வேண்டும். “பார்ப்போம்” என்று சொல்லி வந்து மறப்பதுதான் உறவுகள் முறிய முதல் காரணம். இணைக் குறிப்பேட்டில் சொன்ன வாக்கையும் தேதியையும் எழுதுங்கள். பிள்ளையின் தேர்வு, மருந்து தீரும் நாள் எழுதுங்கள். குடி, குடும்பச் சண்டை எழுதவேண்டாம்.

இந்து, இஸ்லாமியக் குடும்பங்களும் நம் சந்திப்பில் உண்டு. அவர்கள் கேட்டால் மட்டுமே செபம். பூசைக்கு வாருங்கள் என்ற பேச்சே கூடாது. உதவியோடு அழைப்பைக் கட்டினால் இரண்டும் கெடும்.

சந்திக்கும் வீட்டார் தரும் கட்டஞ்சாயாவை (பால் சேர்க்காத தேநீரை) மறுக்காதீர்கள். நாம் சந்திக்கும் வீடுகளிலும் பிறருக்காகப் பிடியரிசி போட்டுவைக்கும் கலயம் வைக்கக் கேட்டிருக்கிறார்கள், கொடுத்திருக்கிறோம். அந்த அரிசி மற்ற அரிசியோடு சேர்ந்தே முதியோர் கஞ்சிக்குப் போகிறது. ஒரு வீட்டின் நெருக்கடி தீர்ந்தால் பை நிற்கும், சந்திப்பு நிற்காது. மாதம் ஒருமுறையாகத் தொடரும். அப்படித் தொடர்ந்த வீடுகளிலிருந்து இவ்வாண்டு சந்திப்பு இணைகளுக்கு உறுப்பினர்கள் வந்திருப்பதை மிகுந்த மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன். எந்த அலுவலக மேசைக்கு முதலில் போகவேண்டும் என்று நம்மைவிட அவர்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கிளைச்சபைக் கூட்டம் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின், யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாத இரகசியக் காணிக்கைப் பையோடு, வழக்கம்போல் நடக்கும். மலையோர அன்பியங்களுக்கு இரண்டு இணை தேவை. மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களும் ஒரு பெண்ணும் இருந்தால் நல்லது. ஜூன் மழைக்கு முன்பு பெயர் தாருங்கள்.

செயலர்