உழுகிறவர் பெயரையும் அவையில் சொல்லுங்கள்

தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வேளாண்மை பற்றிய விவாதம் என்றால் உங்களில் யாரும் சிறு விவசாயியை மறப்பதில்லை. கடன் தள்ளுபடி, ஆதார விலை, காவிரி நீர் எல்லாவற்றையும் பேசுகிறீர்கள். இதில் கட்சி வேறுபாடே இல்லை. ஆனால் குத்தகைக்கு உழுகிறவர் அந்தப் பேச்சுகளில் அபூர்வமாகத்தான் தலைகாட்டுகிறார்.

கேட்டால், நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது என்பீர்கள். சரி, 1964-இல் நடந்தது என்ன? சென்னை மாநிலத்தின் 1961 நில உச்சவரம்புச் சட்டம், ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தைக் கொண்டு கணக்கிடும் ஏக்கர்) என்று வரம்பு வைத்தது. 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நிலச் சீர்திருத்தச் சட்டங்களுக்கு அரசியலமைப்பின் 31ஏ பிரிவு நீதிமன்றத்தில் தந்த காப்பு, அரசு இடைத்தரகரின்றி நேரடியாக வரி வாங்கிய நம் ரயத்துவாரி நிலங்களுக்கு எட்டாததே சிக்கல். சில மாதங்களிலேயே நாடாளுமன்றம் 17-ஆவது திருத்தத்தின் மூலம் ரயத்துவாரி நிலத்தையும் அந்தக் காப்புக்குள் கொண்டுவந்து, நம் சட்டத்தை, நீதிமன்றத்தில் எளிதில் எதிர்க்க முடியாத ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. உச்சவரம்புக்கு உட்பட்டு ஒருவர் தாமே உழும் நிலத்தை அரசு எடுத்தால் சந்தை மதிப்புக்குக் குறையாமல் இழப்பீடு தர வேண்டும் என்ற வரியும் அப்போதுதான் நுழைந்தது. டெல்லியில் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பவர்கள் அந்தத் திருத்தத்தை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

குத்தகைதாரருக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. வெளியேற்றத்திலிருந்து காக்க 1955-இல் ஒன்று, உரிமையைப் பதிவு செய்ய 1969-இல் இன்னொன்று. முதல் சட்டத்தால் பிறகு வெளியேற்ற முடியாமல் போகும் என்று பயந்துதான் நில உரிமையாளர் இரண்டாவதன்படி எழுதித் தர மறுக்கிறார். அதனால் ஏற்பாடு வாய்ப்பேச்சோடு நின்றுவிடுகிறது. விதை, உரம், கூலி எல்லாம் உழுகிறவர் கைப்பணம். வெள்ளம் வந்தால் நஷ்டமும் அவருக்கே. நிவாரணமோ பட்டாவில் பெயர் உள்ளவரைத் தேடிப் போகிறது. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம் என்கிறது விதி. ஆனால் எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் வாங்க விஏஓவிடம் போனால், உரிமையாளரின் சம்மதத்தில்தான் போய் நிற்கிறது.

இதெல்லாம் மாநிலத்தின் வேலை என்றே வைத்துக்கொள்வோம். 2019-இல் தொடங்கிய பிஎம் கிசான் என்ற விவசாயி உதவித்தொகை முழுக்க ஒன்றிய அரசின் திட்டம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் நிலம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு மட்டும்தான். பட்டா வைத்துக்கொண்டு நகரத்தில் கடை நடத்துகிறவர் வாங்கலாம். அவர் வயலில் சேற்றில் நிற்பவர் வாங்க முடியாது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலவுடைமையே 0.75 ஹெக்டேர். இதில் சொந்தக் காணியோடு பக்கத்து நிலத்தையும் குத்தகைக்குப் பிடிப்பவருக்கு, அந்தக் குத்தகைப் பங்கு இந்தத் திட்டத்தின் கணக்கில் வராது.

அமைச்சகங்களுக்கு நிதி ஒதுக்கும் அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்தில், பிஎம் கிசான் தகுதி விதியில் குத்தகைதாரரையும், விளைச்சலில் பங்கு தந்து உழும் வாரதாரரையும் சேர்க்கக் கோருங்கள். நிலப் பதிவில் பெயர் இல்லாதவரை எப்படி அடையாளம் காண்பது என்று அமைச்சர் கேட்பார். பட்டாதாரர் சம்மதம் இல்லாமலே, கிராமசபை முன் விசாரித்து ஒரு பருவத்துக்கு மட்டும் சாகுபடிச் சான்று தரலாம், அது நில உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று எழுதிக்கொடுங்கள். உரிமையாளரின் பயமும் அதில் பாதி தீரும்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்