பழைய காரின் கீச்சொலி: பெல்ட்டை மாற்றும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில், பழைய கார்களின் இன்ஜினிலிருந்து காலை நேரத்தில் எழும் கீச்சொலிக்குப் பேன் பெல்ட் (இன்ஜின் சுழற்சியால் ஓடி மற்றப் பாகங்களைச் சுற்றும் பட்டை) தேய்மானமே காரணம் என்றும், பெல்ட்டை மாற்றிவிட்டால் அது தீர்ந்துவிடும் என்றும் ஒரு குறிப்பு வெளியாகியிருந்தது. பல வண்டிகளுக்கு அது பொருந்தலாம். என் வண்டிக்குப் பொருந்தவில்லை. அதே ஆலோசனையைக் கேட்டு நடந்து நடுவழியில் நின்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1999ஆம் ஆண்டின் மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி. இந்தக் காரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது என்றாலும், சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் குடியாத்தத்திலும் என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்களின் வீட்டு வாசலில் இன்றும் அதைப் பார்க்கலாம். பதிவைப் புதுப்பித்து, காப்பீடு கட்டி, வீட்டில் ஓர் ஆளைப் போல அதைப் பேணி வருகிறோம்.

கடந்த மார்கழியில் ஒரு நாள் காலை வண்டியைக் கிளப்பியதும், எலிக்குஞ்சு கத்துவது போல மெல்லிய ஒரு கீச்சொலி கேட்டது. ஒரு நிமிடத்தில் அடங்கிவிட்டது. பத்து நாளில் அது இரண்டு நிமிடமானது; பொங்கலுக்குள் தெருமுனை வரை கூடவே வந்தது. முதலில் பார்த்த பட்டறையில் பானெட்டைத் திறந்த வேகத்தில் “பெல்ட்தான் சார்” என்றார்கள். புதுப் பெல்ட் போட்டார்கள். அதன்மேல் ஏதோ ஒரு ஸ்பிரேயும் அடித்தார்கள். இரண்டு வாரம் வண்டி அமைதியாக ஓடியது. ஒலி மறுபடியும் வந்தபோது வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி, பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லி, கட்டை விரலால் அழுத்தினாலும் அசையாத அளவுக்கு அதை இழுத்துக் கட்டிவிட்டார். அதற்குப் பின் ஒரு முகூர்த்த நாளில் குடும்பத்தோடு குடியாத்தம் புறப்பட்டோம். பள்ளிகொண்டாவை நெருங்கும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஒரு புளியமரத்து நிழலில் ஒன்றரை மணி நேரம் நின்றோம்; தாலி கட்டும் நேரத்துக்கு நாங்கள் போய்ச் சேரவில்லை.

உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்தவர் வேலூரில் பல ஆண்டுகளாகச் சிறிய ஷெட் வைத்திருக்கும் ஒரு வயதான மெக்கானிக். எல்லோரையும் போல நானும் அவரைப் பாய் என்றுதான் அழைக்கிறேன். அவர் செய்த முறையை விரிவாக எழுதுவதுதான் இக்கடிதத்தின் நோக்கம். ஏனென்றால் அதில் எந்த ஒரு படிக்கும் விலை உயர்ந்த கருவி தேவைப்படவில்லை.

வண்டியை அன்று மாலையே பார்க்க அவர் மறுத்துவிட்டார். இரவு முழுவதும் ஷெட்டில் நிறுத்திவைத்து, மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினில்தான் கேட்பேன் என்றார். நோய் வெளிப்படும் நேரத்தில்தானே நோயாளியைப் பார்க்க வேண்டும்! கிளப்பியதும் கீச்சொலி வந்தது. ஸ்டார்ட் செய்தவுடன் பேட்டரி இழந்த மின்சாரத்தை டைனமோ (மின்சாரம் உண்டாக்கும் பாகம்) ஈடுகட்டுவதால் பெல்ட்டின் மீது சுமை கூடியிருக்கும் என்றும், பெல்ட் வழுக்கினால் முன்விளக்கைப் போட்டதும் ஒலி இன்னும் ஏற வேண்டும் என்றும் சொல்லி, விளக்கைப் போடச் சொன்னார். ஒலியில் மாற்றம் இல்லை. கிளட்சை மிதித்து விடச் சொன்னார். அதிலும் மாற்றம் இல்லை. ஆகவே கிளட்ச் பேரிங் (சுழலும் பாகத்தைத் தாங்கும் வளையம்) அல்ல. ஏ.சி.யைப் போட்டு அணைத்தும் பார்த்தார்; ஒலி அப்படியே இருந்தது.

அடுத்து, ஒரு குவளைத் தண்ணீரிலிருந்து சில துளிகளை ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டின் உள்பக்கத்தில் தெளித்தார். தண்ணீர் பட்டதும் ஒலி அடங்கிச் சில நொடிகளில் திரும்பினால் புல்லிகள் (பெல்ட் ஓடும் சக்கரங்கள்) ஒரே கோட்டில் இல்லை என்று பொருள். ஒலி கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. எதுவுமே மாறவில்லை என்றால் பெல்ட்டை விட்டுவிட்டு பேரிங்கைத் தேட வேண்டும். எங்கள் வண்டியில் எதுவும் மாறவில்லை. (என் வண்டியில் ரேடியேட்டர் விசிறி தனி மோட்டாரில் ஓடுகிறது. ஆனாலும் டைனமோவையும், இன்ஜினைக் குளிர்விக்கும் நீரை ஓடவிடும் வாட்டர் பம்பையும் சுற்றும் அந்தப் பெல்ட்டுக்குப் பட்டறைகளில் இன்றும் பேன் பெல்ட் என்றுதான் பெயர்.)

பிறகு நீளமான ஒரு திருப்புளியை எடுத்து, அதன் கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு, முனையை முதலில் டைனமோவின் உடல் மீதும் பின்னர் வாட்டர் பம்பின் உடல் மீதும் வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். முப்பது ஆண்டுகள் இயற்பியல் வகுப்பில் திடப்பொருளில் ஒலி காற்றைவிட வேகமாகப் பரவும் என்று சொல்லிக்கொடுத்த நான், அதை அவ்வளவு துல்லியமாக உணர்ந்தது அன்றுதான். டைனமோவில் சீரான ஓர் இரைச்சல் மட்டுமே கேட்டது. பம்பின் மீது வைத்ததும், ஈரமில்லாத அம்மியில் மணலை அரைப்பது போன்ற சத்தம் மண்டைக்குள் இறங்கியது.

இதை வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர் துண்டு, சேலைத் தலைப்பு, தளர்ந்த சட்டைக் கை எதையும் பெல்ட்டின் அருகே கொண்டுபோக வேண்டாம். திருப்புளி முனையைச் சுழலும் பாகத்தின் மீது ஒருபோதும் வைக்கக் கூடாது. அசையாத உலோக உடலின் மீது மட்டுமே வைக்க வேண்டும்.

அத்தோடும் பாய் நிறுத்தவில்லை. இன்ஜினை அணைத்துப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அரை நிமிடம் மட்டும் ஓட விட்டார். கீச்சொலி அறவே இல்லை. ஆகவே குற்றம் பெல்ட் சுற்றும் பாகங்களில்தான் இருக்கிறது. இன்ஜினின் மற்றொரு பெல்ட்டான டைமிங் பெல்ட்டை இறுக்கிவைக்கும் டென்ஷனரிலோ வால்வுப் பக்கத்திலோ இல்லை என்பது உறுதியானது. பெல்ட் இல்லாதபோது வாட்டர் பம்ப் சுழலாது என்பதால் இதை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு இன்ஜினை அணைத்து, புல்லிகளைக் கையால் சுற்றினார். டைனமோ புல்லி வழவழவென்று சுழன்றது. பம்ப் புல்லி கரகரத்தது. மேலும் கீழும் அசைத்தபோது லேசாக ஆடவும் செய்தது. பம்பின் அடியில் உள்ள சிறு கசிவுத் துளையைச் சுற்றி, உப்பளத்து வரப்பு போல வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தது.

அந்த வெள்ளைப் பொருக்குக்கு நானே பொறுப்பு. பல ஆண்டுகளாக ரேடியேட்டரில் எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் ஊற்றி வந்தேன். பாலாற்றுப் படுகையின் தோல் ஆலைக் கழிவைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அறிந்த வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி மக்களுக்கு நம் நிலத்தடி நீரின் உப்பைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நீர் சூடேறி ஆறும்போதெல்லாம் அந்த உப்பு படிந்து, நீர் கசியாமல் தடுக்கும் பம்பின் சீலைத் தேய்க்கிறது. சீல் கசிந்ததும் நீர் பேரிங்கின் கிரீஸைக் கழுவிக்கொண்டு போகிறது. காய்ந்த பேரிங் கத்தத் தொடங்குகிறது. அந்த நிலையில் பெல்ட்டை அளவுக்கு மேல் இழுத்துக் கட்டியது, ஏற்கெனவே நொந்திருந்த பேரிங்கின் மீது கூடுதல் பாரத்தை ஏற்றி அதன் முடிவை விரைவுபடுத்திவிட்டது. பள்ளிகொண்டாவில் முள் ஏறியதற்கும் பம்பு வழியே ரேடியேட்டர் நீர் கசிந்து குறைந்ததே காரணம். இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதியின் இணைப்பை அடைக்கும் தகடு) போயிருக்கும் என்றார் பாய்.

புதுப் பம்ப், புதுக் கேஸ்கெட், துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து கலந்த கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்), அதில் கலக்க உப்பில்லாத பேட்டரித் தண்ணீர் என்று வேலை ஒரே நாளில் முடிந்தது. இப்போது பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்குகிறது. காலையில் வண்டியைக் கிளப்பினால் எதிர்வீட்டு வாசலில் கோலம் போடுபவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதல் இரண்டு பட்டறைகள் மீதும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவர்கள் அப்படி நடந்துகொண்டதற்கு நம்மைப் போன்ற வாடிக்கையாளர்களும் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். பாகம் மாற்றினால் பணம் தருகிறோம். ஒன்றையும் மாற்றாமல் ஒரு மணி நேரம் காது கொடுத்துக் கேட்டு, “இது பெல்ட் அல்ல” என்று சொல்பவருக்கு நாம் ஒரு ரூபாயும் தருவதில்லை. அதனால் கேட்பதை விட்டுவிட்டு மாற்றுவதையே தொழிலாக்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு ஏற்படுகிறது. பாய் என்னிடம் பம்ப் விலையும் பொருத்தும் கூலியும் மட்டும்தான் கேட்டார். இரண்டு காலைப் பொழுதை ஒலியைத் தேடுவதில் செலவிட்டதற்கு நான் தனியாகப் பணம் நீட்டியபோது, “கேட்டதுக்கெல்லாம் காசா சார்?” என்று வாங்க மறுத்தார். வற்புறுத்தித்தான் கொடுத்தேன்.

நம் மாவட்டத்துப் பட்டறைகளின் கட்டணப் பலகையில் ஆயில் மாற்றுவதற்கும் வீல் அலைன்மென்ட்டுக்கும் தனித்தனிக் கட்டணம் எழுதியிருக்கிறது. அங்கே, குறை கண்டறிவதற்கும் ஒரு கட்டணத்தை எழுதிவைக்கும்படி பட்டறை உரிமையாளர்களையும், அதை மனமுவந்து கொடுக்கும்படி என்னைப் போன்ற பழைய கார் வைத்திருப்போரையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். வாகனப் பகுதியில் பெல்ட்டைப் பற்றிய அந்தக் குறிப்பை மறுபடி வெளியிட நேர்ந்தால், தண்ணீர் தெளித்துப் பார்க்கும் முறையையும், பெல்ட்டைக் கழற்றிப் புல்லிகளைக் கையால் சுற்றிப் பார்க்கும் முறையையும் அதில் சேர்க்குமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
சத்துவாச்சாரி, வேலூர்.