சிட்டிகைக்கு அளவு கிடையாது, கண்ணு

அன்புள்ள கண்ணு,

அக்டோபர் 15, கை கழுவும் நாளுக்கு உன் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தரலாம் என்று கேட்டிருந்தாய். சோப்பு போட்டு 20 விநாடி, விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்க்கச் சொல். அது எல்லாரும் சொல்வதுதான். கூடவே பேதிக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலையும் கரைத்துக் காட்டு. உன் சின்ன வயசில் தூர்தர்ஷனும் பள்ளிக்கூடச் சுவரும் சொன்ன விஷயம். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி சர்க்கரை என்று ஊருக்கே மனப்பாடம். ஆனால் சிட்டிகை கைக்குக் கை மாறும்.

அளவு இதுதான்: ஒரு லிட்டர் தண்ணீர், 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 5 மில்லி ஸ்பூன்தான் வேண்டும். அள்ளியதைக் கத்தி முதுகால் வழித்துவிடு. குவித்துப் போட்டால் கணக்கு போச்சு. உப்பு கூடினால் இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை போகும். சர்க்கரை கூடினால் குடலுக்குள் தண்ணீர் இறங்கி, பேதி இன்னும் அதிகமாகும். கரைத்ததும் ருசி பார். கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது.

சர்க்கரை ருசிக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் சர்க்கரையிலிருந்து வரும் குளுக்கோஸைக் குடல் உறிஞ்சும்போது சோடியமும் சேர்ந்து உள்ளே போகிறது, பின்னாலேயே தண்ணீரும் போகிறது. 1971-ல் வங்காள எல்லையில், பன்கான் அகதி முகாமில், நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலானபிஸ் இதே மாதிரிக் கரைசலைக் கொடுத்துத்தான் காலராக்காரர்களைக் காப்பாற்றினார். பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லு.

மருந்துக்கடையில் இதற்கென்றே விற்கும் ஓ.ஆர்.எஸ். பொடிப் பாக்கெட் கையில் இருந்தால் அதுதான் முதலில். அதில் பொட்டாசியமும் உண்டு. பெரிய பாக்கெட் முழுசும் ஒரு லிட்டருக்கு. ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவதுதான் வீட்டுக்கு வீடு நடக்கிற தப்பு. கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பேதி ஆகும் ஒவ்வொரு தடவையும் 2 வயசுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேலே 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கணும். டாக்டர் எழுதும் ஜிங்க் மாத்திரையைப் பேதி நின்றாலும் நிறுத்தாமல், மொத்தம் 14 நாள் முடிக்கணும்.

தண்ணீர் விஷயத்தில் உங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இரண்டு சிக்கல். பதிமுகம் என்கிற சிவப்பு நிறம் தரும் மரச்சீவல் போட்டுக் கொதித்த தண்ணீரில் சூடு ஆற்றப் பச்சைத் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள்; நிறம் சிவப்பாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. இன்னொன்று புளோரைடு. கொதித்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய போர்வெல் என்றால் குடிக்கவே வேண்டாம். உன் பள்ளித் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பியாச்சா? இல்லையென்றால் தலைமை ஆசிரியரிடம் இந்த வாரமே பேசு.

அம்மா,
பொள்ளாச்சி