ஹவுள் வேலையும் பள்ளிப் புனரமைப்பும்: ஜமாஅத்தார்களுக்கு நிர்வாகக் குழுவின் அறிக்கை

அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நம் பள்ளிவாசல் வேலை முடிந்துவிட்டது. மினாராக்களுக்கு வெள்ளை, மிஹ்ராபின் (இமாம் நின்று தொழவைக்கும் மாடத்தின்) பூவேலை, மாடி ஒழுக்கு, நோன்புக் கஞ்சி காய்ச்சும் கொட்டகைக்குப் புதுக் கூரை எல்லாம் சொன்ன தொகைக்குள் முடிந்தன. கேள்வியெல்லாம் ஹவுளைப் பற்றித்தான், அதாவது ஒளுச் செய்யும் (தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவும்) தண்ணீர்த் தொட்டியைப் பற்றித்தான். 4 லட்சம் என்ற வேலை எப்படி 6 லட்சத்து 10 ஆயிரம் ஆனது, ரமலானில் ஏன் தற்காலிகக் குழாயில் ஒளுச் செய்ய வைத்தீர்கள் என்று ஒவ்வொரு ஜும்ஆவிலும் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான்.

நம் ஹவுளின் உள்ளளவு பதினைந்தரை அடிச் சதுரம். கல் இடுக்குகளில் கசிவு இருந்தது. ஒப்பந்தக்காரர் எங்களைக் கேட்காமலே உள்பக்கம் நாலு புறமும் அரைச்செங்கல் சுவர் எழுப்பி, சிமெண்டும் பூசிவிட்டார். பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு இமாம் அவர்கள் டேப் கொண்டுவரச் சொல்லி, காய்ந்து கிடந்த தொட்டிக்குள் தாமே இறங்கி அளந்தார்கள். 14 அடி 7 அங்குலம். மறுபடியும் அளந்தார்கள், அதே கணக்கு. டேப்பைச் சுருட்டிக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்), தேங்கிய நீரைப் பெரிய நீராகக் கொள்ளப் பத்து முழத்துக்குப் பத்து முழம் வேண்டும் என்பது நெடுங்கால வழக்கு. முழம் ஒன்றரை அடி, ஆக 15 அடிச் சதுரம். அந்த அளவு இருந்தால், அசுத்தம் ஏதும் விழுந்தாலும் நிறமோ மணமோ சுவையோ மாறாதவரை தண்ணீர் சுத்தம். ஷாஃபி சகோதரர்கள், "எங்களுக்குக் குல்லத்தைன் (இரண்டு பெரிய சாடி) அளவே போதும், இதற்காகவா இடிப்பது?" என்றார்கள். அவர்கள் மத்ஹபில் அது சரி. ஆனால் இரு மத்ஹபினரும் ஒரே ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) நிற்கிற பள்ளி இது. பாதிப் பேர் ஒளுவில் சந்தேகத்தோடு தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்குவதை நாங்கள் ஏற்கவில்லை. இடித்தோம்.

ஹவுளையே மூடிவிட்டுக் குழாய் வைக்கலாம் என்றவர்களும் உண்டு. திட்டில் வரிசையாக உட்கார்ந்து, கையால் அள்ளி ஒளுச் செய்யும் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை.

ஒப்பந்தக்காரர் இடித்த செலவையும் சேர்த்துக் கேட்டார். "கொஞ்சம் குறைஞ்சா என்ன பாய், தண்ணி தண்ணிதானே" என்றார். வியர்வை உலருமுன் கூலி கொடுங்கள் என்பது நபிமொழி. கொத்தனார், சித்தாள் கூலியை முழுசாகக் கொடுத்தோம். செங்கல், சிமெண்டுக்கும் அவருடைய லாபத்துக்கும் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. நாங்கள் பணிந்துபோனதாகச் சிலர் பேசுகிறார்கள். சொன்ன வேலையைச் செய்த கூலியாட்கள் வீட்டு உலை எப்படிக் கொதிக்கும்?

அப்புறம் சுண்ணாம்புச் செலவு. திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளியைப் போய்ப் பார்த்தோம். 1795இல் மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லால் எழுப்பியது. அதைப் பார்த்த பிறகு நம் கல்லை மூட மனம் வரவில்லை. செட்டிநாட்டுக் கொத்தனார்கள் வந்து, சுண்ணாம்பும் செங்கல் தூளும் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்து, இடுக்கு இடுக்காக அடைத்தார்கள். ஈரச்சாக்கு போட்டு ஆறு வாரம் நனைக்க வேண்டியிருந்தது. ரமலான் அதற்குள் வந்துவிட்டது. சிரமத்துக்கு மன்னியுங்கள்.

கொடுத்தவர்களைச் சொல்லாமல் முடியாது: படிக்கல் தந்த மண்ணடி இரும்புக்கடைக்காரர்கள் நால்வர், மாதச் சம்பளத்தில் பிடித்துத் தந்த மேன்சன் இளைஞர்கள், சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய இரு குடும்பங்கள், வளையலைக் கழற்றித் தந்த தாய்மார்கள், பெயர் வேண்டாமென்று உறையை வைத்துவிட்டுப் போனவர்கள், வாசலில் பூ விற்கும் அம்மா. மாற்று மதத்தவர் பணம் எதற்கு என்று ஒரு கடிதம் வந்தது. வாலாஜா பள்ளியில் கல்லில் பொறித்திருக்கும் பாரசீக வாசகத்தை இயற்றியவர் ராஜா மக்கன்லால் என்ற இந்து. அந்த அம்மாவின் ஐந்நூறு ரூபாயை நன்றியோடு வாங்கினோம்.

ஜகாத் என்று எழுதி வந்த உறைகளை மட்டும் திருப்பிவிட்டோம். அது ஏழைகளின் பங்கு, கட்டடத்துக்கு ஆகாது.

ரசீதுக் கட்டுகள் மூன்றும் பாங்கு சொல்லும் முஅத்தினின் அறை அலமாரியில் இருக்கின்றன. தினமும் இஷா தொழுகைக்குப் பின் பார்க்கலாம். பழைய மீன்களை வியாழக்கிழமை ஹவுளில் விட்டாயிற்று.

வஸ்ஸலாம்.
நிர்வாகக் குழுவினர்