முட்டி வலின்னா உக்கார வெச்சுடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

கோபி, பவானி, பெருந்துறைன்னு இந்தப் பக்கம் எந்த ஊட்டுக்குப் போனாலும் அம்மாவுக்கு முட்டி வலி, அப்பாவுக்கு முட்டி வலின்னுதான் பேச்சு, உடனே புள்ளைங்க பாசமா "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா உக்காருங்க"ன்னு சொல்லிடறாங்க. அந்தப் பாசம் நெசந்தானுங்க, ஆனா முழுசா உக்கார வெச்சா வலி இன்னும் சாஸ்திதான் ஆகும்.

முப்பது வயசு தாண்டுனா பத்து வருஷத்துக்கு சுமார் 3ல இருந்து 8 சதவீதம் தசை கரையும், 60க்கு மேல இன்னும் வேகமா போகும். நம்ம சனம் பால் கறந்து, களை வெட்டி, தறிக்கு நின்னு ஓடுன ஒடம்பு, காட்ட குத்தகைக்கு உட்டுட்டு டவுன்ல வந்து டிவி முன்னால உக்காந்தா தொடை சூம்புது, வயிறு முன்னால வருது. எடை மிசின்ல ஏறுனா அதே பழைய எடைய காட்டும், ஏன்னா போன தசை எடத்துல கொழுப்பு சேந்திருக்கு, அதனால ஊட்ல யாருக்கும் சந்தேகமே வர்றதில்லைங்க.

முட்டிக்கு வர்ற அடிய தாங்கறது தொடை முன்பக்க சதைதான். அது இளைச்சு, மேல தொப்பையும் ஏறுனா என்ன ஆகும்? ஒரு கிலோ எடை கொறஞ்சாலே நடக்கற ஒவ்வொரு அடிக்கும் முட்டில சுமார் 4 கிலோ பாரம் கொறையுதுன்னு 2005ல வந்த ஆராய்ச்சி சொல்லுது. பாரம் மட்டுமில்லீங்க, வயித்துக்குள்ள சேர்ற கொழுப்பு வீக்கத்த தூண்டற பொருள ரத்தத்துல உட்டுக்கிட்டே இருக்கும். ஒடம்பு பெருத்தவங்களுக்கு பாரமே சொமக்காத கைவெரல் மூட்டுலகூட தேய்மானம் அதிகமா வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்ங்கறாங்க.

தசை கொறஞ்சு கொழுப்பு சேந்திருக்கான்னு கண்டுபுடிக்க ஸ்கேன் எல்லாம் வேண்டாம், ஒரு டேப்பும் நாற்காலியும் போதும். இடுப்பு சுத்தளவு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80 தாண்டக்கூடாது (பேண்ட் சைஸ சொல்லாதீங்க, அது தொப்பைக்கு கீழ எடுக்கற அளவு). கைய நெஞ்சுல கட்டிக்கிட்டு நாற்காலில இருந்து அஞ்சு தடவை எந்திரிச்சு உக்கார 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா கால்ல தெம்பு கொறஞ்சுதுன்னு கணக்கு. தடுமாறறவங்க பக்கத்துல ஆள் வெச்சுக்கிட்டு பண்ணுங்க.

சோத்தையும் பாக்கணும். காலைல இட்லி, ராத்திரி தோசைன்னு இருந்தா தசைக்கு புரதம் எங்கிருந்து வரும்? கொள்ளு, பச்சப்பயறு, நெலக்கடலை, முட்டை, தயிர் எல்லாம் நம்மூர்ல கிடைக்கறதுதானே, கிட்னி பிரச்சனை இருக்கறவங்க மட்டும் டாக்டர கேட்டுக்கணும். நடை நல்லதுதான், ஆனா அதோட வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்கு வேலை குடுக்கச் சொல்லுது உலக சுகாதார நிறுவனம். முட்டிக்கு அடில துண்ட சுருட்டி வெச்சு அழுத்திப் புடிக்கறது படுத்துக்கிட்டே செய்யலாம். மூட்டு வீங்கி, செவந்து, சூடா இருந்தா அது வேற சமாச்சாரம், டாக்டருகிட்ட போயிடணும்.

அரசாங்கத்துக்கும் ஒண்ணு கேக்கறேனுங்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டுல ஆரம்பிச்சதுல இருந்து ஊடு தேடி வந்து பிரஷர், சுகர் பாக்கறாங்க, பிசியோதெரபியும் அதுல இருக்கு. அவிங்க கைல ஒரு அளவு டேப்ப குடுத்து, இந்த நாற்காலி டெஸ்டயும் சேத்துட்டா வலி முத்தறதுக்கு முன்னாலயே ஆளக் கண்டுபுடிச்சுடலாம். நீங்களும் மருத்துவப் பக்கத்துல இந்தப் பயிற்சிய பெரிய எழுத்துல, படத்தோட போடுங்க, கண்ணாடி இல்லாம படிக்கற மாதிரி.

இப்படிக்கு,
வாசகர், கோபிசெட்டிபாளையம்