நண்டுச் சீட்டும் நாற்பது பக்க ரிப்போர்ட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வருடம் ஆவணியில் எங்கள் கம்பெனியில் நண்டு உடைக்கும் பெண்கள் இருபத்திரண்டு பேருக்கும் கூலியில் பிடித்தம் விழுந்தது. காரணம் ஒரு ரிப்போர்ட். மண்டபத்தில் இருக்கும் அந்தக் கம்பெனியில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். அந்த ரிப்போர்ட்டைக் கணினியிலிருந்து எடுத்து முதலாளி மேசையில் வைத்தவள் நான்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தேவிபட்டினம், தொண்டி, காரங்காடு என்று கரையோர ஊர்களில் ஏஜெண்டுகள் நண்டு வாங்கி, அங்கேயே வேகவைத்து, ஐஸ் பெட்டியில் அனுப்புவார்கள். இங்கே பெண்கள் ஓட்டை உடைத்துச் சதை எடுத்து ரகம் பிரிப்பார்கள். அது டின்னில் அடைபட்டு அமெரிக்காவுக்குப் போகும். பச்சை நண்டின் எடை ஒன்று, வெந்த நண்டின் எடை ஒன்று, சதையின் எடை ஒன்று. மூன்றையும் மூன்று பேர் மூன்று இடத்தில் எழுதுகிறார்கள்.

புது மென்பொருள் வந்ததிலிருந்து மாதம் நாற்பது பக்கம் ரிப்போர்ட் வருகிறது. அதில் ஒரு பக்கம், நூறு கிலோ நண்டுக்கு 27 கிலோ சதை வந்த இடத்தில் இந்த மாதம் 25 கிலோதான் என்றது. இரண்டு கிலோ எங்கே போயிற்று? உடைக்கிறவர்கள் ஓட்டோடு சதையை விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் எடுத்துப் போகிறார்கள் என்று மேலே முடிவாகிவிட்டது. அன்று சாயங்காலம், விரலெல்லாம் நண்டு முள் கீறிய தழும்போடு ஒரு அம்மா என் மேசை முன்னால் வந்து நின்றார். "ஏன் தாயி, நாங்க சதையை வாயிலயா போட்டுக்கிட்டோம்? அந்தத் தாள்ல என்னதான் எழுதியிருக்கு, வாசிச்சுக் காட்டு" என்றார். தாள் முழுக்க ஆங்கிலம். அதை அவருக்குத் தமிழில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஏஜெண்டுகள் சரக்கோடு எழுதி அனுப்பும் எடைச் சீட்டுகளைப் பிரித்து நாள் நாளாகப் பார்த்தேன். ஒரு நாள் 310 கிலோ நண்டு, 71 கிலோ சதை. நூற்றுக்கு 23. அந்தச் சீட்டின் மூலையில் பென்சிலில் 'ப' என்று ஓர் எழுத்து. பச்சை எடை! புதிதாகச் சேர்ந்த ஏஜெண்ட், படகிலிருந்து இறக்கியதும் நிறுத்த எடையை எழுதி அனுப்பியிருக்கிறார். மற்றவர்கள் எழுதுவது வெந்த எடை. கணினியில் இரண்டுக்கும் ஒரே கட்டம். எங்கள் வாசலில் பெட்டி இறங்கும்போது எழுதும் நோட்டைப் புரட்டினால் அதே சரக்கு 262 கிலோ. 262-க்கு 71 என்றால் நூற்றுக்கு 27 சரியாக வருகிறது. அந்த மாதம் வந்த சரக்கில் பாதி அவருடையது. வேகும்போது வற்றிய தண்ணீரைத்தான் அந்தப் பெண்கள் கூலியில் பிடித்திருக்கிறோம்.

இன்னும் இருந்தது. ஊர்ப் பெயரை ஒரு பையன் கணினியில் தேவிபட்டினம் என்று ஏற்றுகிறான், இன்னொருவன் தேவிபட்டணம் என்கிறான், மூன்றாமவன் ஆங்கில எழுத்தில் ஏற்றுகிறான். கணினிக்கு அது மூன்று ஊர். ஒரே ஏஜெண்டின் சரக்கு மூன்றாகச் சிதறி, அவர் நமக்குச் சரக்கைக் குறைத்துவிட்டார் என்று வேறொரு பக்கம் சொன்னது. நல்ல மனிதர், அவரிடம் போன் போட்டுச் சண்டை பிடித்தார்கள்.

மாதத்தை மாதத்தோடு ஒப்பிடும் பக்கமும் அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்; 2017-க்கு முன்பு அது 45 நாள். அந்த நாட்களில் வருவது நாட்டுப்படகு நண்டு மட்டும். தடை முடிந்தாலும் பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம் என்றால் அதுவும் கிடையாது. மே மாதத்தைவிட ஜூலையில் கொள்முதல் ஏறிவிட்டது என்று பச்சைக் கோடு போட்டுக் காட்டினால் முதலாளிக்கு அதில் என்ன தெரியவரும்? கடலுக்குப் போன நாள் ஒன்றுக்கு எவ்வளவு வந்தது என்று போட்டால் தெரியும். நிலாக் காலத்து நண்டில் சதை இருக்காது என்று கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த விவரத்தை எழுதிவைக்கவும் மென்பொருளில் இடமில்லை.

1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம், கொச்சிக்குப் போகும்முன் இருபது வருடத்துக்கு மேல் எங்கள் மண்டபத்தில்தான் இருந்தது. அதன் ஆட்கள் மீன் இறங்கும் இடத்தில் நின்று கணக்கெடுக்கும்போது கிலோவோடு நிறுத்துவதில்லை. என்ன வலை, எத்தனை படகு, எத்தனை மணி நேரம் என்று சேர்த்தே எழுதுவார்கள். சின்ன வயதில் அப்பாவோடு கரைக்குப் போய் அதைப் பார்த்திருக்கிறேன். வெறும் கிலோவை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பது இந்த ஊருக்குப் பழைய பாடம்.

மென்பொருள் விற்க வருகிறவர்களும் பயிற்சி கொடுக்கிறவர்களும் வரைபடம் போடத்தான் கற்றுத்தருகிறார்கள். கொட்டகையில் ஈரக்கையோடு சீட்டு எழுதுகிறவனிடம் ஒருவரும் பேசுவதில்லை. அவனிடமிருந்து தொடங்கச் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஒரு எண்ணைக் காட்டி ஒரு ஆள் மேல் குற்றம் சொல்லுமுன், அது எந்தத் தராசில், எந்த நேரத்தில், எந்தச் சீட்டில் எழுதியது என்று எடுத்துக் காட்ட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் காட்ட வேண்டும்.

இப்போது எங்கள் சீட்டில் பச்சை, வெந்தது என்று இரண்டு கட்டம் இருக்கிறது. ஊர்ப் பெயரை யாரும் தட்டச்சு செய்வதில்லை, பட்டியலில் தொட்டால் போதும். அன்றைய எடைகளை மாலையில் வாசல் கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். வீட்டுக்குக் கிளம்புமுன் பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். பிடித்த கூலியில் பாதி தீபாவளிக்கு முன்பு திரும்பி வந்தது. மீதிக்காக, சீட்டுகளை வரிசையாக இணைத்து முதலாளியிடம் ஒரு கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தமிழில், ஒரே பக்கத்தில்.

இப்படிக்கு,
நண்டு கம்பெனிக் கணக்கர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம்)