கட்சி வகுப்பு எடுக்கும் தோழர்களுக்கு: தொழிலாளர் எதிரணியையும் பாடமாக்குங்கள்

தோழர்களே,

ரஷ்யப் புரட்சியின் வரலாற்றை நிறுத்தி நிதானமாகச் சொல்லும் நம் வகுப்புகள், 1921 மார்ச்சில் நடந்த ரஷ்யக் கம்யூனிஸ்ட் கட்சியின் பத்தாவது காங்கிரசுக்கு வந்ததும் ஓட்டம் பிடிக்கின்றன. உழவர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் சந்தையைத் திறந்த புதிய பொருளாதாரக் கொள்கை, கட்சி ஒற்றுமைத் தீர்மானம், கட்சிக்குள் தனிக் குழுக்களுக்குத் தடை. அவ்வளவுதான். தடைக்கு ஆளான ‘தொழிலாளர் எதிரணி’ என்ற கட்சிக் குழுவினர் யார், என்ன கேட்டார்கள் என்பது ‘சிண்டிகலிசத் திரிபு’ (தொழிற்சங்கங்களே எல்லாவற்றையும் நடத்த வேண்டும் என்னும் தவறான போக்கு) என்ற ஒரு முத்திரையோடு முடிந்துவிடுகிறது.

அந்த எதிரணியின் முன்னணியில் நின்ற ஷ்லியாப்னிகோவ் ஓர் உலோகத் தொழிலாளி. சோவியத் அரசின் முதல் தொழிலாளர் துறை ஆணையர். கட்சியின் முன்னணித் தோழர்களான மெத்வெதேவும் கொலந்தாயும் அவரோடு நின்றார்கள். ஆலைக்கு ஒற்றை நிர்வாகி, சங்கப் பொறுப்புகளுக்கு மேலிருந்து நியமனம் என்று நிலைமை மாறிக்கொண்டிருந்த நேரம் அது. நியமனம் வேண்டாம், தேர்தல் வேண்டும் என்றார்கள். பொருளாதாரத்தை நடத்தும் அமைப்பை உற்பத்தியாளர்களின் அகில ரஷ்ய காங்கிரஸ் தேர்ந்தெடுக்கட்டும் என்றார்கள். இதில் கட்சிக்கு அந்நியமானது என்ன? தொழிற்சங்கங்கள் பொருளாதார நிர்வாகம் முழுவதையும் தங்கள் கைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 1919இன் கட்சித் திட்டமே சொல்லியிருந்தது.

அவர்களைத் தலையில் தூக்கிவைத்து ஆடச் சொல்லவில்லை. அதே மாதம் க்ரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்தில் மாலுமிகள் சோவியத் அரசுக்கு எதிராக நடத்திய கிளர்ச்சியை அடக்குவதில் அவர்களும் கட்சியோடுதான் நின்றார்கள். உழவர்கள் நிறைந்த நாட்டில் உழவனுக்கு என்ன இடம் என்பதற்கு அவர்களிடம் தெளிவான பதில் இல்லை. அதையும் சொல்லுங்கள்.

ஆனால் தடையின் கதையை முழுதாகச் சொல்லுங்கள். அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றிய காங்கிரஸ்தான் ஷ்லியாப்னிகோவை மத்தியக் குழுவுக்கும் தேர்ந்தெடுத்தது. வெவ்வேறு நிலைப்பாடுகளின் பேரில் காங்கிரஸ் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பதையே தடுக்க, மார்க்சிய அறிஞரான ரியாசனோவ் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அடிப்படைப் பிரச்சினையில் பிளவு வந்தால் உறுப்பினர்களிடம் முறையிடும் உரிமையைப் பறிக்க முடியாது என்று லெனினே அதை எதிர்த்தார். சில மாதங்களில் ஷ்லியாப்னிகோவை வெளியேற்ற முயன்றவரும் அதே லெனின்தான். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காததால் அது நடக்கவில்லை. இந்த முரண்பாட்டை இளம் தோழர்களிடமிருந்து மறைக்காதீர்கள்.

ஒற்றுமைத் தீர்மானம் நாளை நம்மீதே திரும்பலாம் என்று சொல்லிக்கொண்டே கட்சித் தலைவர்களில் ஒருவரான ராதெக் அதை ஆதரித்தார். திரும்பியது. 1937இல் ஷ்லியாப்னிகோவும் மெத்வெதேவும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு ரியாசனோவ். 1939இல் ராதெக் சிறைக்குள் கொல்லப்பட்டார்.

உள்நாட்டுப் போர் ஓய்ந்தும் ஓயாத ஒரு நெருக்கடியில் பிறந்த அந்தத் தடை, கம்யூனிஸ்ட் கட்சிகளின் உலக அமைப்பான கம்யூனிஸ்ட் அகிலத்தின் வழியாக உலகக் கட்சிகளின் நிரந்தர வழக்கமாயிற்று. கிளைக் கூட்டத்தில் மாற்றுக் கருத்து சொல்பவரைக் ‘கோஷ்டி சேர்க்கிறார்’ என்று உட்காரவைப்பவர்களுக்கு அதன் பிறப்பு தெரிந்திருக்க வேண்டாமா?

கோரிக்கை இதுதான். அடுத்த வகுப்புத் திட்டத்தில் பத்தாவது காங்கிரசுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கொலந்தாய் அந்தக் காங்கிரசுக்காக எழுதிய பிரசுரத்தை முதலில் வாசிக்கக் கொடுங்கள், ஒற்றுமைத் தீர்மானத்தை அதன் பிறகு. விளக்கவுரையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேள்விகள் முதலில் வரட்டும்.

தோழமையுடன்,
உங்கள் வகுப்புகளில் பாடம் கேட்ட ஒருவன்